மாட்டுப் பொங்கல் இரவும் எங்கள் பெஜோ 203ம்

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேரன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "தாத்தா, உங்க பெரியப்பா வீட்டுல எல்லாரும் பிரான்ஸ்ல இருக்காங்க. நம்ம மட்டும் ஏன் இங்கயே இருந்துட்டோம்? உங்க அப்பா ஏன் நேஷனாலிட்டி எடுக்கல?"

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் பலருக்கு இது பழகிய கேள்வி. முப்பது வருஷத்துக்கு முன்னால் என் மகன் இதையே கொஞ்சம் கோபமாகக் கேட்டான். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒப்பந்தம், சட்டம் எதுவும் முதலில் ஞாபகம் வருவதில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கழுவித் துடைத்து நின்ற சாம்பல் நிற பெஜோ காரும், அதற்குள் இருட்டில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஆறு பேரும்தான் ஞாபகம் வருகிறோம். 1963 ஜனவரி 15, செவ்வாய்க்கிழமை, மாட்டுப் பொங்கல் இரவு. மறுநாள் விடியற்காலையில் காரைக்கால் புறப்பட வேண்டும்.

அந்த இரவைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். இளையவர்கள் பலர் 1954ல் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. 1954 அக்டோபர் 18ந் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் கைமாறியது, கொடி மாறியது. ஆனால் சட்டப்படி நாங்கள் அப்போதும் பிரெஞ்சுப் பிரஜைகள்தான். ஒப்பந்தம் 1956 மே 28ந் தேதி டில்லியில் கையெழுத்தாயிற்று. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க இன்னும் ஆறு வருஷம் பிடித்தது. அல்ஜீரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு மண்ணை விட்டுக்கொடுக்கிறோம் என்று பாரிஸில் எழுந்து சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் தைரியம் இல்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்தது, அதே மாதம் எங்கள் ஒப்பந்தமும் ஏற்கப்பட்டது. ஆகஸ்ட் 16ந் தேதி பத்திரங்கள் பரிமாறப்பட்டு அது அமலுக்கு வந்தது. இன்றும் அந்தத் தேதியைச் சட்டப்பூர்வ இணைப்பு நாளாகக் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றிக் கொண்டாடுகிறார்கள்.

அதன் நான்காவது பிரிவு சொன்னது: இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். ஐந்தாவது பிரிவு சொன்னது: வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அதாவது 1963 பிப்ரவரி நடுப்பகுதி வரை அவகாசம். கல்யாணமாகாத, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் எடுத்த முடிவுதான் முடிவு. ஒன்றும் செய்யாமல் இருந்தால் இந்தியர், எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர்.

இதை நான் அரசாங்க வேலையில் சேர்ந்த பிறகு பலமுறை படித்திருக்கிறேன். அப்போது வயது பன்னிரண்டு, ஒன்றும் தெரியாது. வீட்டில் "ஒப்ஷன்" என்ற சொல் மட்டும் காதில் விழும். தெருவில் பெரியவர்கள் "நீங்க எழுதிட்டீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்வார்கள். மூன்றரை லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. கடைசியில் எழுதிக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர்தான்.

இனி காருக்கு வருகிறேன்.

பெஜோ 203 என்பது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு பெஜோ கம்பெனி போட்ட முதல் புது மாடல். 1948ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. 1290 சி.சி., நாலு சிலிண்டர், கியர் லீவர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். 1960 வரை சோஷோ தொழிற்சாலையில் ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பானெட் நுனியில் ஒரு சிங்கத் தலை. எங்களுடையது புதுச்சேரியில் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சு அதிகாரி வைத்திருந்த வண்டி. 1954ல் சாலைகளில் கெடுபிடி அதிகமாகிப் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றது. வருஷக் கடைசியில் அவர் கப்பல் ஏறும்போது வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். 1,800 ரூபாய்.

ஆயிரத்து எண்ணூறு என்பது அப்பாவைப் போன்ற ஒரு எழுத்தருக்குப் பெரிய தொகை. பாதிப் பணம் பெரியப்பா சைகோனிலிருந்து அனுப்பினார். அவர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் இருந்தார். மீதிப் பாதிக்கு ஆயாவின் இரட்டை வடச் சங்கிலி போயிற்று. ஆகவே வண்டி அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். 1956ல் பெரியப்பா பட்டாளத்தை விட்டு வந்து, பெரியம்மாவின் ஊரான காரைக்காலில் குடியேறினார். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு அடுத்த நாள் நாங்கள் காரில் அங்கே போவோம். இறங்கியதும் அப்பா சாவியை நீட்டி, "அண்ணே, உங்க பாதிய கொண்டாந்திருக்கேன்" என்பார். பெரியப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "என் பாதிலதான் கீறல் விழுந்திருக்கு" என்பார். வருஷா வருஷம் இதே வசனம். நாங்களும் வருஷா வருஷம் சிரிப்போம்.

அந்தக் காலத்தில் ஒரு கார் எவ்வளவு அரியது என்பதை இன்று சொன்னால் நம்பமாட்டார்கள். வெளிநாட்டுக் கார் இறக்குமதி அநேகமாக நின்றுபோயிருந்தது. இந்தியாவில் கிடைத்தவை மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னைக்கு வெளியே வண்டலூரில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெஜோவுக்கோ உதிரி பாகம் எங்கும் கிடையாது. டயர் அளவு கூட அங்குலக் கணக்கில் இல்லை, மில்லிமீட்டர் கணக்கு, உள்ளூர் டயர் பொருந்தாது. பிரான்சிலிருந்து லீவில் வரும் சொல்தாக்களிடம் சொல்லி வைத்துத்தான் எல்லாம் வரவேண்டும். ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி செண்டு பாட்டில்களுக்கு நடுவில் பெட்டியில் வந்து சேர்ந்தது. அதனால் அப்பா அந்த வண்டியை எங்களைவிட ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டார். வாரம் ஒரு நாள் ஸ்டார்ட் செய்து கடற்கரை வரை ஒரு ஓட்டம், அவ்வளவுதான்.

அப்பா அதிகம் பேசாதவர். அலுவலகம் விட்டு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். நாங்கள் எதிரில் போகமாட்டோம். ஆனால் காரைக்கால் பயணத்துக்கு முதல் நாள் மட்டும் அவர் வேறு ஆள். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய லுங்கியோடு, எங்கள் எல்லோருக்கும் வேலை கொடுத்து, தானும் பாடிக்கொண்டே வேலை செய்வார். பயணத்தைவிட அந்த முதல் நாள்தான் எங்களுக்குப் பண்டிகை.

அன்றும் அப்படித்தான் தொடங்கியது. காலையில் நானும் தம்பியும் கிணற்றில் இறைத்துக் கொடுக்க, அப்பா வண்டியைக் கழுவினார். ரேடியேட்டருக்குத் தண்ணீர், வழியில் கொதித்தால் ஊற்ற இரண்டு தகர டின்களில் தண்ணீர். ஸ்டெப்னி, ஜாக்கி, கைப்பம்பு, பஞ்சர் சொல்யூஷன், ஃபேன் பெல்ட், பிளக்குகள். வண்டியை முன்னாலிருந்து சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை அப்பா "மனிவெல்" என்று பிரெஞ்சில்தான் சொல்வார். எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, என்னைப் பெயர் வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து டிக்கியில் வைத்தார். எழுத்தர் அல்லவா, பட்டியல் இல்லாமல் எதுவும் நடக்காது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மாடு இல்லை. ஆயா ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து பானெட்டில் இருந்த சிங்கத் தலைக்குப் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தாள். "சிங்கத்துக்கு யாராச்சும் மாட்டுப் பொங்கல் வைப்பாங்களா?" என்று அம்மா சிரித்தாள். "சோறு போடாம சுமக்கறது எல்லாம் மாடுதான் போ" என்றாள் ஆயா.

சாயங்காலம் வீடு முழுக்கப் புளிக்காய்ச்சல் வாசனை. அம்மாவும் அக்காவும் விடியற்காலைக்கு வேண்டியதை எடுத்து வைத்தார்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கு வாழையிலை வாட்டியாயிற்று. பெரியப்பாவுக்கு அதிரசம் ஒரு டப்பா. காரைக்காலில் கிடைப்பது ரொட்டியே இல்லை என்று அவர் வருஷா வருஷம் குறைப்பட்டுக்கொள்வதால் நீட்டு ரொட்டி நாலு, துணியில் சுற்றி. எண்பது மைல் பயணத்துக்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாக எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆகும், வண்டி கோபித்துக்கொள்ளாவிட்டால்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒத்திகை. இது எங்கள் வீட்டுக்கே உரிய வழக்கம் என்று நினைக்கிறேன். பிரெஞ்சு வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். இங்கே சாலையிலும் இடது பக்கம்தான் போகவேண்டும். முன்னால் ஒரு மாட்டு வண்டியோ பஸ்ஸோ போனால், அதைத் தாண்ட வழி இருக்கிறதா என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். முதலில் அம்மாதான் அங்கே உட்கார்ந்தாள். எதிரில் சைக்கிள் வந்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். ஆகவே என் பத்தாவது வயதில் அந்த இடம் எனக்கு வந்தது. வழி இருந்தால் "வா" என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் "நோன்". பிரெஞ்சு "வா" என்றால் போ என்று அர்த்தம், தமிழ் வாவுக்கு நேர் எதிர். தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். முதல் நாள் ராத்திரி எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார, நின்ற வண்டியில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "முன்னால பஸ். எதிர்ல லாரி. என்ன சொல்லுவே?" என்று என்னைப் பரீட்சை வைப்பார்.

அன்று நாலைந்து கேள்வி கேட்டார். பிறகு நிறுத்திவிட்டார். யாரும் இறங்கவில்லை. தெருவிளக்கு தூரத்தில். பின் சீட்டில் ஆயா, அம்மா, அக்கா, அம்மா மடியில் தூங்கிப்போன தம்பி.

ஆயாதான் ஆரம்பித்தாள். "பெரியவன் எழுதிக் குடுத்துட்டானாமே?"

"ம். போன மாசம்."

"நீ?"

அப்பா பதில் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. அவருடைய பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது, சிநேகிதர்கள் பாதிப்பேர் அங்கே. அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் ஒரு காரைக்கால் பையன், நல்ல குடும்பம், அக்காவைக் கேட்கிறார்கள். ஆனால் பெண் வீட்டாரும் எழுதிக் கொடுத்திருந்தால்தான் பேச்சு. அக்காவுக்கு அப்போது பதினேழு. பதினெட்டு நிறைய இரண்டு மாதம் இருந்தது.

"இந்திய சர்க்கார்ல சம்பளம் வாங்கிக்கிட்டு பிரான்ஸ்காரன்னு எழுதிக் குடுத்தா எத்தினி நாளைக்கு வெச்சிருப்பாங்க?" என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல். "அங்க போயி நாப்பத்தஞ்சு வயசுல என்ன வேலை பாக்கறது?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா புள்ளைங்க?" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் "வா" சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா பேசினாள். அப்பா முன்னால் அவள் தானாகப் பேசியதை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"அப்பா, நீங்க கையெழுத்துப் போட்டா எனக்கும் சேத்துத்தானே? போடலன்னாலும் எனக்கும் சேத்துத்தானே?"

"ஆமா."

"அப்ப என்னையும் ஒரு வார்த்த கேக்கலாமில்ல."

அம்மா அவள் கையைப் பிடித்து அமுக்கியது எனக்குத் தெரிந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "சரி, சொல்லு. நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டார்.

அக்கா நிறைய நேரம் யோசித்தாள். "எனக்கும் தெரியலப்பா. அந்தப் பையன நான் பாத்ததில்ல. ஆயாவ விட்டுட்டு அவ்ளோ தூரம் போணுமான்னுதான் இருக்கு" என்றாள். ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் இன்னும் எத்தினி நாளைக்கி இருக்கப்போறேன், என்னை எதுக்குக் கணக்குல சேக்கறே" என்றாள்.

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போயிற்று. 1949ல் இந்திய அரசு சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்ட பிறகு எல்லைகளில் சோதனைச் சாவடிகள் வந்ததையும், முள்ளோடை தாண்டினால் ஒரு நாடு, காரைக்கால் போய்ச் சேர்ந்தால் மறுபடியும் பழைய நாடு என்று இருந்ததையும், ஆயாவின் வெற்றிலைப் பெட்டியை ஒரு சிப்பாய் தலைகீழாகக் கொட்டிச் சோதித்ததையும் அப்பா சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒன்பதரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். "நாலு மணிக்கு எழுந்திருக்கணும்" என்று அம்மா சொன்னபிறகுதான் இறங்கினோம்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீர்காழிக்கு முன்னால் ஒரு முறை ரேடியேட்டர் கொதித்தது. காரைக்காலில் அந்த வருஷம் அப்பா சாவியை நீட்டியபோது பாதி வசனம் சொல்லவில்லை. அன்று ராத்திரி அண்ணனும் தம்பியும் தாழ்வாரத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிப்ரவரி வந்தது, நடுவும் தாண்டியது. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் இந்தியர்கள் ஆனோம், ஒரு காகிதமும் வராமல்.

1965ல் பெரியப்பா குடும்பத்தோடு பிரான்ஸ் போனார். போகும் முன் புதுச்சேரிக்கு வந்தவர் காரின் சிங்கத் தலையைத் தட்டிக்கொடுத்து, "என் பாதியையும் நீயே வெச்சுக்கோ" என்றார். அவர் பிள்ளைகள் அங்கே நன்றாக இருக்கிறார்கள். நான் பிரெஞ்சில் படித்தும், இங்கேயே அரசாங்கத்தில் எழுத்தர் ஆனேன். அக்காவுக்குக் கடலூரில் கல்யாணம் ஆயிற்று. இப்போது எண்பது. வருத்தம் உண்டா என்று ஒரு முறை கேட்டேன். "அந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாதே, எதுக்கு வருத்தம்?" என்றவள், கொஞ்சம் கழித்து, "கேட்டாரில்ல, அது போதும்" என்றாள். எனக்கு அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தேன். பாட்டன் 1963ல் எழுதிக் கொடுத்ததற்கு அத்தாட்சி தேடி வருபவர்களுக்காகப் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் புரட்டித் தருவேன். யாருக்காவது கிடைத்துவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கும். அப்பா மேல் கோபமாக இருந்த வருஷங்களும் உண்டு.

1974ல் காரை விற்றோம். கிளச் போய்விட்டது, மாற்று கிடைக்கவில்லை. ஒரு மேஸ்திரி எடைக்கு எடுத்துக்கொண்டார். மனிவெல் மட்டும் எப்படியோ வீட்டில் தங்கிவிட்டது. அம்மா இருந்தவரை அதால் தேங்காய் உடைத்தாள். கொடுக்கும் முன் வண்டியைத் துடைத்தபோது, டாஷ்போர்டு அறையில் வண்டிக் காகிதங்களுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள் கிடைத்தது. அப்பாவின் உருண்டையான பிரெஞ்சுக் கையெழுத்து. ஐந்தாம் பிரிவின்படி பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறேன் என்ற வாசகம் முழுதாக எழுதப்பட்டிருந்தது. அவர் பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர், எங்கள் மூவர் பெயரும் வயதும். அக்காவுக்குப் பதினேழு, எனக்குப் பன்னிரண்டு. அப்படியானால் அந்த நாட்களில்தான் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அது என் முழங்காலுக்கு எதிரிலேயே இருந்ததோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அப்பா அப்போது இருந்தார். கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது என்றார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேரன் கேட்ட அன்று பீரோவிலிருந்து அதை எடுத்துக் காட்டினேன். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. தன் தாத்தா பெயரைக் கண்டுபிடித்தான். அப்புறம் கீழே காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கணுமா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.